ரிங்டோன் சத்தம் போதவில்லையா? மீடியாடெக் போனில் மறைந்திருக்கும் ஒலி அமைப்பு

வால்யூமை முழுக்க ஏற்றி வைத்தும் சட்டைப்பையில் போன் அடிப்பது கேட்கவில்லை என்றால், முதலில் ஸ்பீக்கர் வலையைப் பாருங்கள். அதில் அடைந்த தூசியே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும். உலர்ந்த, மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்.

அதன் பிறகும் குறைவாகவே கேட்டால் இந்த முறைக்கு வரலாம். இது மீடியாடெக் சிப் உள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்கு மட்டும். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் பிராசஸர் பெயர் ஹீலியோ அல்லது டைமென்சிட்டி என்று இருந்தால் அது மீடியாடெக். பழைய போன்களில் எம்டி என்று தொடங்கும் எண் இருக்கும்.

1. டயல் பேடில் *#*#3646633#*#* என்று அழுத்துங்கள். கால் பட்டன் தேவையில்லை. கடைசி நட்சத்திரத்தை அழுத்தியதும் போனைச் சோதிப்பதற்கான ‘எஞ்சினியர் மோட்’ என்ற மறைவான பகுதி தானே திறக்கும். பழைய பட்டன் போனில் ‘எங்மோட்’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும் எண்கள்தான் இவை, அதனால் மறக்காது. ஒன்றுமே திறக்கவில்லை என்றால் உங்கள் போனில் இதை மூடிவைத்திருக்கிறார்கள். அதோடு விட்டுவிடுங்கள்.

2. மேலே உள்ள தலைப்புகளைப் பக்கவாட்டில் தள்ளி ‘ஹார்ட்வேர் டெஸ்டிங்’ போய், ‘ஆடியோ’வைத் தொடுங்கள். மற்ற பக்கங்களில் கை வைக்க வேண்டாம். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), நெட்வொர்க் தொடர்பானவை அங்கேதான் இருக்கின்றன. தவறி மாற்றினால் சிக்னலே போகும்.

3. இப்போது பல மோட்கள் தெரியும். ‘நார்மல் மோட்’ காதில் வைத்துப் பேசுவதற்கு, ‘ஹெட்செட் மோட்’ இயர்போனுக்கு, ‘லவுட்ஸ்பீக்கர் மோட்’ வெளி ஸ்பீக்கருக்கு. ரிங்டோனுக்கு ‘லவுட்ஸ்பீக்கர் மோட்’. அதில் ‘டைப்’ என்ற இடத்தில் ‘ரிங்’ தேர்ந்தெடுங்கள்.

4. ‘லெவல்’ 0 முதல் 6 வரை இருக்கும். ரிங் வால்யூமின் ஏழு படிகள் இவை. ஒவ்வொரு லெவலுக்கும் எதிரே 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. கீழே ‘மேக்ஸ் வால்யூம்’ 0 முதல் 160 வரை. எதையும் மாற்றும் முன் ஏழு மதிப்புகளையும் மேக்ஸ் வால்யூமையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல போன்களில் ஃபாக்டரி ரீசெட் செய்தாலும் பழைய எண்கள் திரும்ப வராது. அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

5. லெவல் 6-இன் மதிப்பை 5 மட்டும் கூட்டி, பக்கத்தில் உள்ள ‘செட்’ பட்டனை அழுத்துங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: எண்ணை மாற்றிவிட்டு ‘செட்’ அழுத்தாமலே அடுத்த லெவலுக்குப் போய்விடுகிறார்கள், மாற்றம் பதிவாவதில்லை. போனை ஆஃப் செய்து ஆன் செய்து, வேறு எண்ணிலிருந்து அழைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் 5.

ஒரேயடியாக 255 வைத்துவிடாதீர்கள். சின்ன ஸ்பீக்கர் அந்த அளவைத் தாங்காது. ஒலி கரகரக்கும், நாளடைவில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிப்போகும். கரகரப்பு தொடங்கியதும் 10 குறைத்து அங்கேயே நிறுத்துங்கள்.

பேசும்போது எதிராளியின் குரல் மெலிதாகக் கேட்டால், ‘நார்மல் மோட்’டில் ‘எஸ்பிஎச்’ (பேச்சொலி) வகையை இதே போல் மெல்லக் கூட்டலாம். ‘மைக்’கை அதிகம் ஏற்றினால் எதிராளிக்கு இரைச்சலும் எதிரொலியும் போகும். ‘எஸ்ஐடி’ என்பது உங்கள் குரல் உங்கள் காதுக்கே திரும்பி வரும் அளவு, அதைத் தொட வேண்டியதில்லை.

சில புதிய மாடல்களில் எண்ணை மாற்றினாலும் சத்தம் மாறாது; அங்கே ஒலியை வேறு மென்பொருள் ஆள்கிறது. அப்போது ரிங்டோனையே மாற்றுவதுதான் வழி. உண்மையில் எஞ்சினியர் மோடுக்குப் போகும் முன்பே எல்லாரும் செய்து பார்க்க வேண்டியதும் இதுதான். போன் ஸ்பீக்கரால் தவில், பேஸ் போன்ற கனத்த ஒலியைச் சரியாக வெளியிட முடியாது. நாதஸ்வரம், புல்லாங்குழல், மணி ஓசை போன்ற உச்ச ஸ்தாயி ஒலி கூட்டத்திலும் பளிச்சென்று கேட்கும். பாட்டின் மெதுவான தொடக்கத்தை வெட்டிவிட்டு, முதல் நொடியிலேயே உரக்க ஒலிக்கும் இடமாகப் பார்த்து 25, 30 நொடிக்கு நறுக்குங்கள். அந்த எம்பி3 கோப்பை போனின் உள் சேமிப்பில் ‘ரிங்டோன்ஸ்’ ஃபோல்டரில் போட்டால் பட்டியலில் வந்துவிடும். மெமரி கார்டில் வைத்தால், கார்டைக் கழற்றியதும் அந்த ரிங்டோன் ஒலிக்காமல் போகலாம்.