மலைக்குளிரில் டென்ட்: மேலே போர்த்துவது இருக்கட்டும், கீழே என்ன விரித்தீர்கள்?

கடந்த ஜனவரியில் மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினோரு பேர் டென்ட் போட்டிருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தேன். ஜீப்புக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மதுரையிலிருந்து முதல்முறையாக வந்திருந்த தம்பி. ஸ்லீப்பிங் பேக்கைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தும் பல் தந்தியடித்தது. “ஒன்பதாயிரம் ரூபா குடுத்து வாங்குனேண்ணே. மைனஸ் அஞ்சு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. முதுகெல்லாம் வெடவெடங்குது” என்றான்.

அவன் டென்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே ஒரு பிளாஸ்டிக் பாய். வேறு ஒன்றும் இல்லை.

குல்லா கொண்டுவாருங்கள், ஸ்வெட்டர் போடுங்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும். அதிலும் இந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தரைக்கும் உடம்புக்கும் நடுவே ஒன்றுமில்லாமல் படுப்பது

2011-ல் நானும் கிட்டத்தட்ட இதே தவறைச் செய்தேன். ஊட்டிக்கு அப்பால் எமரால்டு பக்கம், நண்பரின் கேரட் தோட்டத்து ஓரத்தில், காற்றடைத்த மெத்தை மேல் படுத்தேன். இடுப்பில் குளிர் ஏறியது. மேலே ஒரு கம்பளி போட்டேன். போதவில்லை. இன்னொன்றும் போட்டேன். குளிர் வந்ததோ கீழிருந்து. விடியும்வரை தூங்கவில்லை.

ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்காது. நம் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவே. அதைப் பிடித்துவைப்பது பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நாம் ஏறிப் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. அன்று அந்தத் தம்பியைப் படுக்கச் சொல்லி, அவன் முதுகுக்கு அடியில் கைவிட்டு பேக்கை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். மேல்பக்கம் மூன்று விரற்கடை உப்பியிருந்தது, அடிப்பக்கம் அப்பளம் மாதிரி இருந்தது. அதற்குக் கீழே ஈர மண். அது விடிய விடியச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்லீப்பிங் பேக்கின் வெப்ப அளவைக் கணக்கிட ஐஎஸ்ஓ 23537 என்ற தரமுறை இருக்கிறது. அதன்படி, சூடேற்றிய ஒரு பொம்மையை பேக்குக்குள் வைத்து அளக்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு அடியிலேயே மேட், அதாவது தரைக்குளிரைத் தடுக்கும் விரிப்பு, விரித்துத்தான் சோதனை! ஆக, பையில் அச்சடித்த எண்ணே மேட் இருந்தால்தான் செல்லும். அதிலும் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் உண்டு. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் எண் உயிர் தப்புவதற்கானது. தம்பியின் பேக்கில் பெரிதாகப் போட்டிருந்த மைனஸ் 5 அந்த எக்ஸ்ட்ரீம்தான். கம்ஃபர்ட் 6 டிகிரி என்று உள்பட்டையில் பொடி எழுத்தில் இருந்தது. கடைக்காரர் அவனிடம், “இந்த பேக்குக்கு மேட் தேவையே இல்லை” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒன்பதாயிரத்தை விற்கத் தெரிந்தவருக்கு ஆயிரம் ரூபாய் ஃபோம் மேட்டை எடுத்துக் காட்டத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மேட் எவ்வளவு குளிர் தடுக்கும் என்பதை ஆர் வேல்யூ என்ற எண்ணால் சொல்வார்கள். நல்ல மடிப்பு ஃபோம் மேட்டுக்கு 2 அளவில் இருக்கும். உறைபனி விழும் இடத்தில் 4-க்குக் குறையாமல் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் எண்கள் கூடும் என்பதால் இரண்டு மேட் போட்டாலே போதும். விருந்தாளிக்கு விரிக்கிற காற்று மெத்தை உதவாது. உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும். வாங்கியது போதுமா என்று பார்க்க, மேட்டைத் தரையில் விரித்து ஐந்து நிமிடம் மண்டியிடுங்கள். முட்டியில் சில்லென்று ஏறினால் ராத்திரி முதுகிலும் ஏறும்.

அன்று மளிகை வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காக விரித்தேன். தோட்டத்துக் காவலாளி அண்ணன் காய்ந்த புல் அடைத்த இரண்டு சாக்கு கொடுத்தார். அதன்மேல் அதே பேக், அதே தம்பி. காலை ஏழு மணிக்கு நான்தான் போய் எழுப்பினேன்.

பள்ளத்தில் டென்ட் போடுவது

குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வடியும். ஊட்டியில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில், பக்கத்து மேட்டில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். ஓடைக்கரை அழகுதான். கொஞ்சம் ஏறிப்போய், காற்று மறைவாக ஒரு சமதளம் தேடுங்கள். வானம் நட்சத்திரமாகத் தெளிந்திருந்தால் அன்று குளிர் இன்னும் கூடும்.

கரி அடுப்பை உள்ளே வைப்பது

கூடவே கூடாது. தணல் அடங்கியது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு வாசனை கிடையாது. 2024-ல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை.

டென்டை ஜிப் போட்டு முழுக்க மூடுவது

நாம் விடும் மூச்சு துணியில் பட்டு நீராகி நம்மேலேயே சொட்டும். நனைந்த பேக் சூடு பிடிக்காது. மேல் ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். மூக்கை பேக்குக்குள் புதைத்துக்கொள்வதும் இதே தவறுதான், குல்லாவை மூக்கு வரை இறக்கிக்கொள்ளலாம்.

நடந்து வந்த துணியோடு படுப்பது

மேலே ஏறி வரும்போது வியர்த்த பனியனும் சாக்ஸும் ஈரம். தொட்டால் தெரியாது, நள்ளிரவில் தெரியும். படுக்கைக்கென்று ஒரு ஜோடி கம்பளி சாக்ஸைத் தனியாகப் பாலிதீன் பையில் கட்டிவையுங்கள். மூன்று சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் குளிரும்.

மது

வேண்டாம். தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடாகத் தோன்றும், அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும்.

கேஸ் டப்பாவை வெளியே விடுவது

டப்பாவில் இருக்கும் பியூட்டேன் என்ற எரிவாயு மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் அடுப்புக்குப் போதுமான அளவு ஆவியாகாது. காலையில் அடுப்பு எரியாது. ராத்திரி தீயெல்லாம் அணைத்த பிறகு டப்பாவைக் கழற்றி, துணிக்குள் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். படுக்கும் முன் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுத் தொடை நடுவே வைத்துக்கொண்டால் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். விடிந்ததும் அதே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கட்டங்காப்பி போடலாம்.

சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பது

எழுந்து போய்விட்டு வாருங்கள். அடக்கிக்கொண்டு புரண்டால் தூக்கமே வராது. வரும் வழியில் புதிதாக வந்தவர்களின் டென்டில் டார்ச் எரிகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.