பாப் ஆர்ட் பிரிண்ட் கண்காட்சியைப் பார்ப்பது எப்படி: கும்பகோணத்துப் பட்டறையிலிருந்து சில யோசனைகள்

விளம்பரம், சினிமா, காமிக்ஸ் படங்களையே கலையாக்கிய பாப் ஆர்ட் ஓவியர்கள் ஆண்டி வார்ஹால், ராய் லிக்டென்ஸ்டைன் போன்றவர்களின் பிரிண்டுகள் நாடு நாடாகச் சுற்றும். கும்பகோணத்துக்கு வராது. சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ வந்தால் நாம்தான் கிளம்ப வேண்டும். போகிறவர்களில் பாதிப்பேர் படத்துக்கு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, "கலர் அடிச்ச போட்டோதானே" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். கலர் அடித்த போட்டோதான். எப்படி அடித்தார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் பொழுது போவதே தெரியாது. நான் கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலப் பையும் ஸ்க்ரீனில் அடித்துப் பிழைக்கிறவள். வார்ஹாலும் ஸ்க்ரீனில்தான் அடித்தார், அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

புறப்படும் முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் லூப் என்கிற சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு, சுவரில் தொங்கும் சாமி காலண்டரை இறக்குங்கள். சிவகாசி ஆஃப்செட் அச்சு அது. முருகன் கன்னத்தில் லூப்பை வைத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் பொடிப் பூக்களாகக் கூடி நிற்பது தெரியும். தடவினால் விரலில் ஒன்றும் தட்டாது. அப்புறம் பீரோவில் தேடி, ஸ்க்ரீனில் அடித்த பழைய பத்திரிகை ஒன்றை எடுங்கள். அதிலுள்ள தங்க நிறப் பிள்ளையார்மேல் பெருவிரலை ஓட்டினால் மை மேடாகத் தட்டும். புள்ளி கிடையாது, ஓரம்வரை ஒரே நிறம், அப்பி வைத்தது போல. கண்காட்சியில் தொட விடமாட்டார்கள். அதனால்தான் வீட்டிலேயே தொட்டுப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன்.

ஸ்க்ரீன் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்கள் வாசலில் போடும் கோல அச்சை நினைத்துக்கொள்ளலாம். ஓட்டை இருக்கும் இடத்தில் மாவு விழும், மற்ற இடத்தில் விழாது. எங்களுக்கு ஓட்டைத் தகரத்துக்குப் பதில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. அந்தக் காலத்தில் பட்டு, இப்போது பாலியஸ்டர். வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனை அதன்மேல் தடவிக் காயவைத்து, படத்தைக் கறுப்பாக அடித்த கண்ணாடித்தாளான பாசிட்டிவை ஒட்டி லைட் காட்டி, தண்ணீரில் கழுவுவோம். பாசிட்டிவின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் கரைந்து கண் திறக்கும். அந்தக் கண் வழியே ஸ்குவீஜி என்கிற ரப்பர் கட்டையால் மையை இழுத்து இறக்க வேண்டியதுதான். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். (ஐப்பசி மழையில் எமல்ஷன் காயவே காயாது. அந்தப் புலம்பல் இங்கே வேண்டாம்.) நேரில் பார்க்க ஆசையிருந்தால், உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஆடி பிறந்ததும் போங்கள், முகூர்த்தம் இல்லாமல் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். மார்கழியில் மட்டும் வேண்டாம். தை மாதப் பத்திரிகைகள் மலையாகக் கிடக்கும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம்.

கிளம்பும் நாளையும் பார்த்து வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கணக்கு.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் போதவில்லை என்று எரிச்சல் வரும். காகிதமும் மையும் வெளுத்துவிடக் கூடாது என்று 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) அளவில்தான் விளக்கு வைப்பார்கள். கண் பழகும்வரை சும்மா நில்லுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. அப்புறம், படத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சாய்வாகப் பாருங்கள். மை படிந்த இடமும் வெறும் காகிதமும் வேறு வேறாக மின்னும். இரண்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓரத்தில் எது முதலில் விழுந்தது, எது பிறகு என்பதுகூடத் தெரியும். 2012இல் சிங்கப்பூர் ஆர்ட்சயின்ஸ் மியூசியத்துக்கு வார்ஹால் கண்காட்சி வந்தபோது இப்படித்தான் பார்த்தேன். "அத்தை, தள்ளி வாங்க, செக்யூரிட்டி உங்களையே பார்க்கிறார்" என்று அண்ணன் மகன் கையைப் பிடித்து இழுத்தான். அதே கண்காட்சி பிறகு ஹாங்காங், ஷாங்காய், பெய்ஜிங், டோக்கியோ என்று போனது. ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் மாவோ படங்களை மட்டும் மாட்டவில்லை.

வார்ஹாலின் மர்லின் மன்றோ வரிசை இருந்தால் அங்கே அதிக நேரம் நில்லுங்கள். 1967இல் வெளியானது; பத்து படம், ஒவ்வொன்றும் 36க்கு 36 அங்குலம், 250 பிரதி. 'நயாகரா' படத்துக்காக எடுத்த விளம்பர போட்டோதான் மூலம். முதலில் உதட்டைப் பாருங்கள். உதட்டுச் சாய நிறத்தின் ஓரமும் போட்டோவில் உள்ள உதட்டின் ஓரமும் ஒட்டாது. இமைக்கு மேலே அடித்த நிறமும் அப்படித்தான். எங்களுக்கு ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறம் இன்னொன்றின்மேல் சரியாக உட்காரும் இடம், இந்த அளவு விலகினால் கஸ்டமர் கட்டோடு திருப்பித் தந்துவிடுவார். இங்கே அந்த விலகலை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதனால் முகம் ஒரு பக்கமும் மேக்கப் ஒரு பக்கமுமாகப் பிரிந்து தெரிகிறது. நடிகையின் முகத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் விமர்சித்ததில்லை என்பது என் கட்சி. அடுத்து பத்தையும் வரிசையாகப் பாருங்கள். படம் அதே படம், நிறம் மட்டும் மாறுகிறது. எந்த நிறச் சேர்க்கையில் முகம் எழுந்து வருகிறது, எதில் அமுங்கிப்போகிறது என்று கூட வந்தவரோடு சண்டை போடலாம்.

கான்வாஸில் அடித்தவை வந்திருந்தால் அவை வேறு ரகம். 1962ஆம் ஆண்டின் 'மர்லின் டிப்டிக்' (டிப்டிக் என்றால் இரட்டைப் பலகை ஓவியம்) லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐம்பது முகம், வலப்பக்கத்து இருபத்தைந்தும் கறுப்பு மையில் மட்டும் அடித்தவை. ஒரு வரிசையில் மை அப்பிக் கிடக்கும், இன்னொரு பக்கம் முகம் வெளிறி மறையும். மை கூடினால் அப்பும். குறைந்தாலோ வலைக்கண்ணில் காய்ந்து அடைத்தாலோ வெளுக்கும். நாங்கள் உடனே துடைத்துவிட்டு மறுபடி அடிப்போம். வார்ஹால் விட்டுவிட்டார். மர்லின் இறந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில்.

வார்ஹாலின் சூப் டப்பாப் படங்களில் பலர் ஏமாறுவார்கள். 1962இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில் வைத்த 32 டப்பாக்களும் ஸ்க்ரீன் பிரிண்ட் இல்லை, பெரும்பாலும் கையால் வரைந்தவை. காகிதத்தில் ஸ்க்ரீனில் அடித்த டப்பா வரிசைகள் 1968, 1969இல் வந்தன. சுற்றி வரும் கண்காட்சிகளில் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பவை இவைதான்.

லிக்டென்ஸ்டைனுக்கு மட்டும் முறையை மாற்றுங்கள்: தூரத்திலிருந்து தொடங்கி மெல்ல நெருங்குங்கள். காலண்டர் அச்சு ஒளித்து வைக்கும் புள்ளியை அவர் பெரிதாக்கி வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

வார்ஹாலின் 'ஃப்ளவர்ஸ்' வரிசையை நம் ஊர்ப் பெண்கள் பார்க்க வேண்டும். பூ செம்பருத்தி. பத்திரிகையில் வந்த பட்ரிசியா கால்ஃபீல்டின் போட்டோவை வார்ஹால் கேட்காமல் எடுத்துக்கொண்டார். கால்ஃபீல்டு வழக்குப் போட, பிறகு சமரசம் ஆனது. நடுவே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய மகரந்தத் தண்டைத் தேடிப் பாருங்கள், தட்டையாகிப் போயிருக்கும். இன்னொரு அமெரிக்க ஓவியர் எட் ரூஷேயின் 1970 வரிசை இருந்தால் லேபிளை விடாமல் படியுங்கள். மைக்குப் பதில் சாக்லேட் சிரப், மாங்காய்ச் சட்னி என்று ஸ்க்ரீனில் இழுத்திருக்கிறார். எங்கள் பட்டறை என்றால் எறும்பு முதலில் வந்து பார்த்திருக்கும்.

லேபிளில் 27/250 என்று இருந்தால் 250 பிரதியில் 27ஆம் எண் என்று அர்த்தம். கையெழுத்து முன்னால் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். மர்லின் வரிசையில் அது பின்பக்கம்.

வெளியே வரும் வழியில் கடை இருக்கும். அங்கே தொங்குவது பெரும்பாலும் ஆஃப்செட் போஸ்டர். லூப்பை எடுத்துப் பார்த்து, நான்கு நிறப் பூ தெரிந்தால் காலண்டர் விலைக்குமேல் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வாங்கினால் அட்டைக் குழாய் கேட்டு வாங்கிச் சுருட்டி வையுங்கள், மடித்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வர உழவன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் கிடைத்தால் குழாய் நசுங்காமல் ஊர் வந்து சேரும்.