டிஷ்வாஷரில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது: வழக்கமாக நேரும் தவறுகள்

கையால் துலக்கும்போது ஒன்றும் ஆகாத பாத்திரத்துக்கு டிஷ்வாஷரிலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அங்கே 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரும், சோடியம் கார்பனேட் போன்ற காரப்பொருள்கள் கலந்த சோப்பும் நெடுநேரம் பாத்திரத்தின்மீது பீய்ச்சப்படுகின்றன. ஆகவே பாத்திரம் எவ்வளவு கெட்டியானது என்பதைவிட, அதன் மேற்பரப்பு காரத்தைத் தாங்குமா என்பதையே பார்க்க வேண்டும்.

அதிகம் பாழாவது அலுமினியம். எங்கள் வீட்டு அலுமினிய இட்லித் தட்டுகளை ஒருமுறை இயந்திரத்தில் அடுக்கிவிட்டேன்; வெளியே எடுத்தபோது குழிகளெல்லாம் சாம்பல் பூத்துக் கறுத்திருந்தன, தடவிய விரலிலும் அந்தக் கறுப்பு ஒட்டியது. அலுமினியத்தின்மீது இயல்பாகவே படர்ந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காரம் கரைத்துவிடுவதே இதற்குக் காரணம். ஹார்டு அனோடைஸ்டு கடாயின் மேற்பரப்பும் ஆக்சைடுதான் என்பதால், போடலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தாலொழிய அதையும் கையால் கழுவுவதே நல்லது.

இரும்புத் தோசைக்கல்லைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் பெரியது. மாதக்கணக்கில் எண்ணெய் தடவிப் பழக்கிய கல்லில், சூட்டில் இறுகிப் படிந்த எண்ணெய்ப் படலம்தான் தோசை ஒட்டாமல் எழும்ப உதவுகிறது. அந்தப் படலம் காரத்தில் கழன்றுபோக, ஈரம் காய்வதற்குள் துருவும் ஏறிவிடும். எண்ணெயில் பழக்கிய கல்சட்டியையும் போடக் கூடாது. வெள்ளீயத்தால் ஆன ஈயச்சொம்பு 232 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் இயந்திரச் சூட்டில் உருகாது. ஆனால் மிருதுவான அந்த உலோகம் மற்ற பாத்திரங்களில் மோதி நசுங்கும், காரத்தில் பளபளப்பும் இழக்கும். மரக்கரண்டியும் மத்தும் ஊறி உப்பி, காயும்போது வெடிக்கும்.

குக்கரின் உடல் எவர்சில்வராக இருந்தாலும், கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால்தான் கழுவ வேண்டும். மூடியின் ஆவித்துளையில் பருக்கை சிக்கியிருந்தால் அது ஆபத்து என்பதால், அடுப்பில் ஏற்றுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடு சுழலும் இடத்துக்குள் நீர் இறங்கினால் அது நாளடைவில் இறுகிப்போகும்.

எவர்சில்வர் தட்டுகள், கண்ணாடி டம்ளர்கள், தங்க விளிம்பு இல்லாத பீங்கான் கோப்பைகள் ஆகியவற்றைத் தயங்காமல் போடலாம். ஆனால் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகாமல், நீர் உள்ளே பீய்ச்சும்படி தனித்தனியே கவிழ்த்து வைக்க வேண்டும். உப்பும் புளியும் ஒட்டிய எவர்சில்வரை இரவு முழுவதும் இயந்திரத்துக்குள் அப்படியே விட்டால் அதிலும் புள்ளிபுள்ளியாக அரிப்பு விழும். உடனே ஓட்டப்போவதில்லை என்றால், குழம்புச் சட்டியை ஒருமுறை அலசிவிட்டு வைக்க வேண்டும்.