உங்கள் ஃபண்டு எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டது? கண்டுபிடிக்கும் வழி

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் தவணையாகப் போடும் முதலீடு) போடுகிறவருக்கு, அந்த ஃபண்டு பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் கூட்டத்தில் ஓட்டு கிடையாது. அவர் பணத்துக்கு உண்டு. அதைப் போடுவது ஃபண்டு நிறுவனம். பி.எஃப். பணத்திலும் ஒரு பகுதி 2015 ஆகஸ்டிலிருந்து இ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) வழியாகப் பங்குகளுக்குப் போகிறது. அங்கேயும் ஓட்டு ஃபண்டு நிறுவனத்தின் கையில்தான். 2022 ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீர்மானங்களிலும் ஃபண்டுகள் ஓட்டுப் போட்டாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி.

முதலில் கம்பெனியின் முடிவைப் பாருங்கள். கூட்டம் முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் ஓட்டு விவரம் பங்குச் சந்தைத் தளத்துக்கு வந்துவிடும். பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டி, அறிவிப்புகளில் தேடுங்கள். அட்டவணையில் மூன்று வரிசை: புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி தரப்பு), நிறுவன முதலீட்டாளர் (ஃபண்டுகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவை), மற்ற பொதுப் பங்குதாரர். கீழே இருக்கும் மொத்த சதவீதத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. படிக்க வேண்டியது நடு வரிசை.

கணக்கைப் பாருங்கள். புரமோட்டரிடம் 50, நிறுவனங்களிடம் 28, சில்லறைப் பங்குதாரரிடம் 22 பங்கு என்று வையுங்கள். சில்லறையில் 1 மட்டும் ஆதரவாக ஓட்டுப் போட, மற்றவர்கள் வரவில்லை. பதிவானது 79. சிறப்புத் தீர்மானத்துக்கு 75% ஆதரவு வேண்டும். நிறுவனங்களில் 18 எதிர்த்தால் 61/79, அதாவது 77%, தீர்மானம் நிறைவேறும். 20 எதிர்த்தால் 59/79, 74.7%, விழுந்துவிடும். 18 எதிர்த்த கதையில் நிறுவனங்களில் பாதிக்கு மேல் எதிர்ப்புதான், ஆனால் மொத்தத்தில் அது தெரியவே தெரியாது.

2021-ல் ஐஷர் மோட்டார்ஸில் (நம் ராயல் என்ஃபீல்டு கம்பெனிதான்) சித்தார்த்த லாலை மறுபடி நிர்வாக இயக்குநராக்கும் சிறப்புத் தீர்மானம் சுமார் 73% ஆதரவோடு தோற்றது. தகராறு ஆளைப் பற்றியதல்ல, சம்பளத்தைப் பற்றியது. உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டு வந்த பிறகு நிறைவேறியது.

சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் போதும். ஆனால் புரமோட்டர் சம்பந்தப்பட்ட பெரிய கொடுக்கல் வாங்கலில் புரமோட்டர் ஆதரவாக ஓட்டுப் போட முடியாது. 2024-ல் நெஸ்லே இந்தியா, தாய்க் கம்பெனிக்குத் தரும் ராயல்டியை (பிராண்டையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்தத் தரும் கட்டணம்) விற்பனையில் 4.5 சதவீதத்திலிருந்து ஐந்தாண்டுகளில் 5.25 ஆக்கக் கேட்டபோது, புரமோட்டரின் பெரும்பான்மை உதவவில்லை. தீர்மானம் தோற்றது.

அடுத்து உங்கள் ஃபண்டு. அதன் தளத்தில் சட்டப்படியான வெளியீடுகள் பகுதியில் காலாண்டுக்கு ஒரு எக்செல் கோப்பு இருக்கும். காலாண்டு முடிந்து பத்து வேலை நாளுக்குள் போடவேண்டும். கூட்டம் நடந்த தேதிக்கான காலாண்டைத் திறந்து, கம்பெனி பெயரின் முதல் சொல்லை மட்டும் தேடுங்கள். முழுப் பெயரைத் தட்டினால் எழுத்து மாறித் தப்பிவிடும். கடைசி நெடுவரிசையில் ஓட்டுக்கான காரணம் இருக்கும். ஐம்பது தீர்மானத்துக்கும் ஒரே வாக்கியம் ஒட்டியிருந்தால், யோசித்துப் போட்ட ஓட்டா என்று சந்தேகப்படலாம். அதே தீர்மானத்தை இன்னும் இரண்டு ஃபண்டுகளின் கோப்பில் ஒப்பிடுங்கள். ஓட்டுப் போட்டது ஃபண்டை நடத்தும் குழுமத்தின் சொந்தக் கம்பெனியின் தீர்மானத்துக்கு என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

நேரடியாகப் பங்கு வைத்திருப்பவர் இ-வோட்டிங்கில் (இணையவழி ஓட்டு) தாமே போடலாம். வாசல் குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும்.