மீன் சட்டியை மட்டும் நம்பிப் பூனை வளர்க்கலாமா? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பூனை தானாகவே வந்து சேர்கிறது. விறகுப் புரையிலோ, தேங்காய் போட்டு வைத்திருக்கும் சாய்ப்பிலோ தாய்ப்பூனை குட்டி போடும். மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கும் நேரம் பார்த்து ஒரு குட்டி காலடியில் வந்து நிற்கும். அன்று முதல் அது வீட்டுப் பூனையாகிவிடும். மீன் வாங்கும் வீட்டில் பூனை தானாக வளரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வளரும் என்பது உண்மைதான். ஆனால் நோயில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டுமென்றால், சில பழக்கங்களை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 1: குட்டியின் வயதைக் கணியுங்கள்

பிறந்து ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தையொட்டிப் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். பல் முளைக்காத குட்டி தனியாகக் கிடப்பதைக் கண்டால் உடனே தூக்கிவிடாமல், தாய் இரை தேடப் போயிருக்கலாம் என்பதால் சற்றுத் தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். எட்டு வாரம் வரை தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் இருக்கும் குட்டியே கடிக்காமல் விளையாடப் பழகுகிறது. தாய் வரவே இல்லையென்றால் குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், சிறு குட்டிக்கு அந்த வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்தாகும்.

படி 2: முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் மாட்டையும் ஆட்டையும் மட்டுமே பார்ப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே பூனையையும் காட்டலாம். முதலில் குடற்புழு நீக்க மருந்தைக் குட்டியின் எடைக்கேற்ற அளவில் கேட்டுப் பெறுங்கள். எட்டு வார வயதையொட்டி மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை மீண்டும் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்தையொட்டிப் போடப்படுகிறது. அடுத்தடுத்த ஊசிகளின் தேதியை மருத்துவரிடம் எழுதி வாங்கி, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பூனை கடித்தாலோ ஆழமாகப் பிராண்டினாலோ, அது வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 3: உணவைத் திருத்துங்கள்

நம் ஊரில் அதிகத் தவறு நடப்பது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். பூனை முழு ஊனுண்ணி. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது கிடைக்க வேண்டும். அந்தச் சத்துக் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987-ல் வெளியான ஆய்வில் உறுதிப்பட்ட பிறகே கடைத் தீவனங்களில் அதன் அளவு கூட்டப்பட்டது. எனவே சோற்றையும் மீன்கறிச் சாற்றையும் பிசைந்து வைப்பது வயிற்றை நிரப்புமே தவிரப் பூனைக்கு உணவாகாது. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) அப்படித்தான்.

அந்தச் சாற்றில் வேறொரு கேடும் இருக்கிறது. நாம் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் சின்ன உள்ளியும் வெள்ளைப்பூடும் பூனையின் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்குபவை. வேகவைத்தாலும் அந்த நச்சுப் போவதில்லை. ஆகவே மீனைக் கழுவியதும், மசாலா சேர்க்கும் முன்பே பூனைக்கான துண்டுகளை எடுத்து, உப்பும் மிளகாயும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை நீக்கிக் கொடுங்கள். பச்சை மீன் வேண்டாம். சில மீன் இனங்களில் உள்ள ஒரு நொதி பி1 உயிர்ச்சத்தை அழிக்கிறது, வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், வலையில் வந்து மணலில் கழித்துப் போடப்படும் பேத்தை மீனின் பக்கம் பூனை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நஞ்சு சூட்டுக்கும் அடங்காது. கருவாட்டில் உப்பு மிக அதிகம் என்பதால், பூனை எவ்வளவு கெஞ்சினாலும் அதைக் கொடுக்க வேண்டாம்.

சாளையும் சூரையும் மலிவாகக் கிடைக்கிறதென்று தினமும் கொழுப்பு மீனையே கொடுத்தால், ஈ உயிர்ச்சத்துக் குறைந்து உடற்கொழுப்பு அழன்று வலிக்கும் நோய் வரலாம். என் முடிவு இது: பூனைகளுக்கான முழுமையான தீவனத்தை அடிப்படையாக வைத்து, மீனை வாரம் ஓரிரு நாட்கள் மட்டும், வேகவைத்த கோழி இறைச்சியை இடையிடையே கொடுக்கலாம். குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளையும், ஒரு வயதுக்கு மேல் இரண்டு வேளையும் போதும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சோற்றுத் தட்டின் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தால், பல பூனைகள் கூடுதலாகக் குடிக்கின்றன.

படி 4: கழிப்பிடம் அமையுங்கள்

அகலமான பிளாஸ்டிக் தட்டில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணலோ, மணமில்லாத மரத்தூளோ, உலர்ந்த தென்னை நார்த்தூளோ நிரப்பி, உணவிடத்துக்கு எட்டத்தில் வையுங்கள். தினமும் மலத்தை அள்ளி அகற்றுங்கள். மலத்தோடு வெளியேறும் ஒருவகை ஒட்டுண்ணியின் முட்டை, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதே அவ்வாறு சொல்வதற்குக் காரணம். கருவுற்ற பெண்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

படி 5: வீட்டையும் விளையையும் (தோட்டத்தையும்) பூனையின் கண்ணால் பாருங்கள்

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் விளைகளை ஒட்டி வாழ்பவர்கள், ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட் கன்னாசை மூடிப் பூட்டி வைக்க வேண்டும். ஆசிட் கலந்த தட்டில் பூனை கால் வைத்துவிட்டு, பிறகு அந்தக் காலை நக்கினால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணற்றுக்கு வலை போடுங்கள். எலிக்கு நஞ்சு வைக்கவே வேண்டாம். நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்னும். தோட்டத்தில் செங்காந்தள் இருந்தால் வேலியிட்டுத் தடுங்கள், அதன் கிழங்கு முதல் பூ வரை எல்லாமே நச்சு. தோவாளை மல்லியாலும் பிச்சியாலும் கவலையில்லை. ஆனால் பூங்கொத்துகளில் வரும் லில்லியின் மகரந்தத் தூளை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

நம் மருந்துப் பெட்டியும் இதே பட்டியலில் சேர வேண்டியதுதான். காய்ச்சல் என்று எண்ணி ஒரேயொரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தாலும் பூனை இறக்கக்கூடும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தின் ஈரத்தில் தெள்ளுப்பூச்சி பெருகுவது இயல்பு. அதற்குப் பூனைக்கென்றே உள்ள மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குளிப்பாட்டுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: நலமாக உள்ள பூனைக்கு அது தேவையில்லை, சீப்பால் வாரிவிட்டாலே போதும்.

படி 6: கருத்தடை செய்யுங்கள்

பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படலாம்; சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரமே. கடுவன் பூனை சண்டையிட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வருவதும், சுவரெங்கும் சிறுநீர் தெளிப்பதும் அறுவைக்குப் பின் பெரிதும் குறையும். ஐந்தாம் மாதத்துக்குள் மருத்துவரிடம் நாள் கேட்டுவிடுங்கள்.

படி 7: விளையாட்டுக்கு இடம் கொடுங்கள்

முழங்கால் உயரத்தைத் தாண்டிய ஒரு மரக்கட்டையில் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நிறுத்திவிட்டால் பூனை நகம் கூர்தீட்ட அங்கேதான் போகும், சோபாவும் தப்பிக்கும். மாலையில் பத்து நிமிடம் ஈர்க்கிலின் நுனியில் துணித்துண்டைக் கட்டி இழுத்து விளையாடுங்கள், ஆட்டம் முடிந்ததும் உணவு வையுங்கள். வேட்டையாடி, தின்று, உறங்குவதுதான் அதன் இயல்பு. இரவில் நம்மை எழுப்புவதும் குறையும்.

படி 8: அவசரத்தை அடையாளம் காணுங்கள்

என் முதல் கடுவன் பூனை மணல்தட்டில் ஏறி ஏறி முக்கிக்கொண்டிருந்தபோது, மலச்சிக்கல் என்று எண்ணி ஓர் இரவை வீணாக்கினேன். அது சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஓரிரு நாளில் உயிரையே பறிக்கக்கூடியது. விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பியது. ஆகவே பூனை சிறுநீர் கழித்ததன் அடையாளமாகத் தட்டில் ஈரமணல் கட்டி விழுந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஒரு நாள் முழுவதும் எதையும் உண்ணாத பூனையையும், வாய்திறந்து மூச்சுவிடும் பூனையையும் காத்திருந்து பார்க்க வேண்டாம். உள்ளூரில் கருவி வசதியில்லாத சிகிச்சை தேவைப்பட்டால், திருநெல்வேலி அருகே இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். மூடியுள்ள கூடை ஒன்றை வீட்டில் எப்போதும் திறந்தபடி வைத்து, பூனையை அதில் உறங்கப் பழக்கியிருந்தால், அந்த நாளில் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது.