ஆல்ட்டோவில் அலறுவது எப்படி: அகிரா சகாட்டாவின் வழி

ஜப்பானிய ஜாஸ் கலைஞர் அகிரா சகாட்டா ஆல்ட்டோ சாக்ஸபோனில் எழுப்பும் அலறலைப் பழக, முதலில் ‘கிளே’ இசைத்தட்டைக் கேளுங்கள். 1974-இல் ஜெர்மனியின் மோயர்ஸ் விழாவில் யோசுகே யமாஷிதா மூவர் குழு வாசித்ததன் பதிவு அது. பியானோ யமாஷிதா, டிரம்ஸ் தகேயோ மோரியாமா, ஆல்ட்டோ சகாட்டா. பேஸ் என்ற தாழ்சுரக் கருவி கிடையாது. கீழே தாங்கிப் பிடிக்க ஆளில்லாததால் சாக்ஸபோனின் ஒலியே கனமாக இருந்தாக வேண்டும். ஹிரோஷிமாவில் மீன்வளம் படித்துவிட்டு வந்த சகாட்டா, 1972 முதல் 1979 வரை இந்தக் குழுவில் ஊதினார்.

அந்த அலறலை முரட்டு மூச்சு என்று நினைத்துக்கொண்டு ஊதுபவர்களுக்கு உதடு புண்ணாவதுதான் மிச்சம். அலறலின் அடியில் இருப்பது ஓவர்டோன் கட்டுப்பாடு, அதாவது ஒரே விரலமைப்பில் அடிச்சுரத்துக்கு மேலே ஒலிக்கும் சுரங்களை வரவழைப்பது.

தொடங்குமுன் கருவியைச் சோதியுங்கள். ஆகக் கீழே உள்ள பி ஃபிளாட்டை மெதுவாக ஊதினால் தடங்கலின்றி வர வேண்டும். குழறினாலோ மேலே தாவினாலோ துளைகளை மூடும் பேட்களில் ஏதோ ஒன்று கசிகிறது. ஜி ஷார்ப் பேடையும் கழுத்திலுள்ள ஆக்டேவ் கீயையும் முதலில் பாருங்கள். கசியும் கருவியில் எவ்வளவு பழகினாலும் வீண். ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு) 2.5 எண் போதும். அதைவிட மெல்லியது பலமாக ஊதும்போது மூடிக்கொள்ளும், மேல் சுரம் அடைத்துப்போகும். தடித்ததை எடுத்தால், வாயில் வைக்கும் மவுத்பீஸைக் கடிக்கத் தோன்றும்.

கடிக்கிறீர்களா என்று அறிய மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதி, ட்யூனர் செயலியில் பாருங்கள். 880 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்க வேண்டும். ஜாஸ் வாசிப்பவர்கள் இதற்கும் சற்றுக் கீழேயே நிறுத்துவார்கள். மேலே போனால் தாடையைத் தளர்த்துங்கள்.

இனி அதே கீழ் பி ஃபிளாட் விரலமைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, விரலை அசைக்காமல் ஒவ்வொரு ஓவர்டோனாக ஏறுங்கள்: ஆக்டேவ் பி ஃபிளாட், எஃப், அடுத்த பி ஃபிளாட், அதற்கு மேல் டி. ஒவ்வொன்றையும் 8 விநாடி நிறுத்துங்கள். வழக்கமான விரலமைப்பில் அந்தச் சுரத்தை ஊதிக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு ஓவர்டோனாகத் தேடினால் சீக்கிரம் பிடிபடும். மாற வேண்டியது நாக்கு: ‘ஆ’ சொல்வதுபோல் தாழ்ந்திருப்பது, ‘ஈ’ சொல்வதுபோல் பின்பக்கம் உயர வேண்டும். சுரம் கீழே நழுவினால் நாக்கு இறங்கிவிட்டது, அல்லது காற்று தளர்ந்துவிட்டது. உதட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். தினமும் 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எஃப் வரைக்கும் சில நாட்களில் வந்துவிடும். டி வரச் சில வாரம்கூட ஆகலாம்.

அடுத்தது உறுமல். நடு ஜி-யை ஊதியபடியே தொண்டையில் வேறொரு சுரத்தை முனகுங்கள். ஊதும் அதே சுரத்தை முனகினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து உறுமல் காணாமல் போகும்; அரைச் சுரமோ ஒரு சுரமோ தள்ளி முனகினால்தான் கரகரக்கும். தொண்டையைக் கனைத்து வரவழைத்தால் மறுநாள் குரல் இருக்காது. ஆரம்பத்தில் 3 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இரண்டும் கைவந்தபின் வாசிக்க ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே சுரம், 2 நிமிடம்; தாளத்தையும் அழுத்தத்தையும் மட்டும் மாற்றலாம். சுரங்களை வாரி இறைக்கும் வேகம்தான் சகாட்டாவின் முதல் அடையாளம் என்றாலும், கூர்ந்து கேட்டால் சிறு துணுக்குகளைத் திருப்பித் திருப்பிச் சுழற்றுவது தெரியும். துணுக்கு இல்லாத வேகம் வெறும் இரைச்சல்.

டிரம்ஸ் வாசிப்பவரோடு உட்காரும்போது, எங்கே முடிப்பது என்பதற்கு ஒரு சிறு இசைத் தொடரைக் குறியாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தலையசைப்பை நம்ப முடியாது. இருவருமே கண்ணை மூடியிருப்பீர்கள். முழுவதையும் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். உறுமல் எல்லாச் சுரத்திலும் ஒரே அளவாகக் கேட்டால், அது பழக்கத்தில் தானாக வருகிறது என்று பொருள். அடுத்த வாரம் முழுக்க உறுமலே இல்லாமல் வாசியுங்கள்.