ஏணியில் கால் வைக்கும் முன்

ஏணியைத் தூக்கி வந்ததும் சாய்த்து ஏறிவிடாமல், முதலில் தரையில் படுக்க வைத்து ஒவ்வொரு படியையும் கையால் அசைத்துப் பாருங்கள், அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா, பக்கச் சட்டம் வளைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். மர ஏணிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், விரிசலை மறைத்துவிடும். பழுது தெரிந்தால் கயிறு கட்டிச் சமாளிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், சீட்டு எழுதி ஒட்டி ஓரமாக வையுங்கள், இல்லையென்றால் அடுத்த ஷிப்டில் யாராவது தெரியாமல் ஏறிவிடுவார்கள். 4 அடி உயரத்துக்கு 1 அடி கணக்கில் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால் 3 அடி. மின்கம்பி பக்கம் அலுமினிய ஏணி கூடவே கூடாது. அப்புறம், எட்டவில்லை என்று பக்கவாட்டில் சாயாதீர்கள். இறங்கி நகர்த்துவது சலிப்புதான், சரி, ஆனாலும் இறங்குங்கள்.